லைட் போடு, லீவ் போடு, வெயிட் போடு: இங்கிலீஷ் 'புட்' பழகுறது எப்படி

இங்கிலீஷ் படிச்சா புரியுது, கிராமர் கூட பரவால்ல, ஆனா யாராவது வேகமா பேசினா பாதி விட்டுப் போயிடுதுன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. கவனிச்சு பார்த்தா அவங்களுக்கு இடிக்கிறது பெரிய பெரிய வார்த்தை கிடையாது. போஸ்ட்போன், டாலரேட், எக்ஸ்டிங்குவிஷ் எல்லாம் ஸ்கூல்லயே மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. புட், கெட், டேக், டர்ன் மாதிரி மூணாங்கிளாஸ் வார்த்தை ஒண்ணு வந்து, அது பின்னாடி ஆஃப், அப், அவுட்னு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கிட்டு வரும் பாருங்க, அங்க தான் சிக்கல். இதுக்கு பேரு ஃப்ரேசல் வெர்ப்.

இது நமக்கு மட்டும் தான் வரமாட்டேங்குதுன்னு மனசு விட வேண்டாம். 1755-ல இங்கிலீஷுக்கு பெரிய அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், அதோட முன்னுரையிலயே இதை சொல்லிட்டார். வினைச்சொல்லோட ஒரு குட்டிச் சொல் சேர்ந்து அர்த்தம் மாறுறது தான் வெளிநாட்டுக்காரங்களை ரொம்ப சிரமப்படுத்தும்னு எழுதியிருக்கார். ஃப்ரேசல் வெர்ப்ங்கிற பேரு கூட அப்போ கிடையாது. அது 1925-ல லோகன் பியர்சால் ஸ்மித்ங்கிற எழுத்தாளரோட எழுத்துல வருது, ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி ஆசிரியர்கள்ல ஒருத்தரான ஹென்றி பிராட்லி தான் இந்த பேரை சொன்னதா அவர் குறிப்பிடுறார்.

கத்துக்கணும்னு முடிவு பண்ணின உடனே எல்லாரும் தேடி எடுக்கிறது "100 ஃப்ரேசல் வெர்ப்ஸ், தமிழ் அர்த்தத்துடன்" மாதிரி ஒரு லிஸ்ட். தயவுசெஞ்சு அதுல இருந்து ஆரம்பிக்காதீங்க. ஒரே பக்கத்துல கால் ஆஃப், புட் ஆஃப், டேக் ஆஃப், பிரேக் டவுன், புட் டவுன் எல்லாம் கலந்து கிடக்கும், படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், மறுநாள் எது எதுன்னு தெரியாம குழம்பும், அப்புறம் நமக்கு இங்கிலீஷ் வராதுன்னு நாமளே முடிவு கட்டிடுவோம். ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்து, ரெண்டு மூணு வாரம் அதையே பேசி எழுதி பழகிட்டு, அப்புறம் அடுத்ததுக்கு போறது தான் நிக்கும். முதல் வினைச்சொல்லா நான் சொல்றது புட். காரணம், தமிழ்ல 'போடு'ன்னு நம்ம கையில ஒரு சாவி ஏற்கனவே இருக்கு. சட்டை போடு, பந்தல் போடு, தள்ளிப்போடுன்னு ஒரே 'போடு'வை வெச்சு நாம எத்தனை வேலை வாங்குறோம்! அதே சாவி சில பூட்டுக்கு சேராது, அதையும் கீழ சொல்றேன்.

இங்கிலீஷ் வாக்கியங்களை இங்க தமிழ் எழுத்துலயே கொடுக்கிறேன், வாய்விட்டு படிங்க. ஃப்ரேசல் வெர்ப் கண்ணுக்கு பழகுறதுக்கு முன்னாடி காதுக்கு பழகணும்.

முதல் படி: புட் மாறாது

கோ, வென்ட், கான் மாதிரி மூணு உருவம் இதுக்கு இல்ல. புட், புட், புட், அவ்ளோ தான். 'புட்டட்'னு ஒரு வார்த்தையே கிடையாது. அப்ப இறந்தகாலம் எப்படி தெரியும்? "ஹீ புட்ஸ் ஆன் ஹிஸ் ஷூஸ்"னா வழக்கமா போடுறான், "ஹீ புட் ஆன் ஹிஸ் ஷூஸ்"னா போட்டான். அந்த ஒரு 'ஸ்' சத்தம் தான் வித்தியாசம். ஐ, யூ, வீ, தே கூட வந்தா அதுவும் இருக்காது, எஸ்டர்டே, எவ்ரி டே மாதிரி பக்கத்துல இருக்கிற வார்த்தையை வெச்சு தான் காலத்தை புரிஞ்சுக்கணும். எழுதும்போது புட்டிங்ல ரெண்டு 'டி' வரும், இதை மட்டும் மறக்காதீங்க.

உச்சரிப்புல இன்னொண்ணு, இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. ஃப்ரேசல் வெர்ப் பேசும்போது பெரும்பாலும் அழுத்தம் குட்டிச் சொல் மேல தான் விழும். "புட் இட் ஆன்"ல 'ஆன்' தான் கணீர்னு கேக்கணும், 'புட் இட்' ரெண்டும் சேர்ந்து 'புடிட்'டுன்னு ஓடிடும். நாம 'புட்'டை அழுத்தி 'ஆன்'னை முழுங்கினா கேக்கிறவங்களுக்கு முக்கியமான பாதியே போய் சேராது.

ரெண்டாவது படி: குட்டிச் சொல்லோட குணத்தை பிடிங்க

முதல்ல நம்ம 'போடு'வும் இங்கிலீஷ் 'புட்'டும் கைகோத்து வர்ற இடங்களை எடுத்துக்குவோம், இதெல்லாம் இனாமா கிடைக்கிற மாதிரி.

புட் ஆன். ஆன்னா ஒரு பொருள் மேல இன்னொண்ணு படுறது, சேர்றது. சட்டை போடு, "புட் ஆன் யுவர் ஷர்ட்". லைட் போடு, "புட் த லைட் ஆன்". பாட்டு போடு, "புட் சம் மியூசிக் ஆன்". க்ரீம் போடு, அதுவும் புட் ஆன் தான். வெயிட் போட்டுட்டேன், "ஐ ஹேவ் புட் ஆன் வெயிட்". ஊர்ல நாடகம் போட்டாங்க, "தே புட் ஆன் எ ப்ளே". இன்னும் ஒரு படி மேல போனா, வலியே இல்லாம வலிக்குதுன்னு வேஷம் போடுறான் பாருங்க, "ஹீ இஸ் ஜஸ்ட் புட்டிங் இட் ஆன்". ஏழு இடத்துலயும் 'போடு' அப்படியே உக்காருது. ஆனா 'ஆன்' விட்டுப் போகக்கூடாது. "ஐ புட் எ ஷர்ட்"னு நிறுத்தினா சட்டையை எங்கயோ வெச்சேன், எங்கன்னு சொல்லலன்னு ஆயிடும்.

இங்க ஒரு பள்ளம் இருக்கு, இதுல விழாதவங்க கம்மி. புட் ஆன்ங்கிறது போடுற அந்த ஒரு நிமிஷத்து செயல். போட்டிருக்கிறது வேற, அதுக்கு 'வேர்'னு தனி இங்கிலீஷ் சொல். ஹெல்மெட்டை தலையில மாட்டிக்கிட்டு இருக்கீங்கன்னா "ஐ ஆம் புட்டிங் ஆன் மை ஹெல்மெட்", ஏற்கனவே தலையில இருக்குன்னா "ஐ ஆம் வேரிங் எ ஹெல்மெட்". தமிழ்ல 'போடுறேன்', 'போட்டிருக்கேன்'னு ஒரே சொல்லை வெச்சு சமாளிக்கிறோம், இங்கிலீஷ்ல சொல்லே மாறிடுது. அதே மாதிரி போட்டதை கழட்டுறதுக்கு புட் ஆஃப் கிடையாது, டேக் ஆஃப். "டேக் ஆஃப் யுவர் ஷூஸ்". லைட்டை அணைக்க நம்ம ஊர்ல "புட் ஆஃப் த லைட்"னு நிறைய பேர் சொல்வாங்க, புரியும், தப்புன்னு சண்டைக்கு போக மாட்டேன், ஆனா வெளிநாட்டுக்காரங்க கிட்ட "டர்ன் ஆஃப்"னு சொல்லிட்டா குழப்பமே இல்ல.

புட் ஆஃப். ஆஃப்னா விலகுறது, தள்ளி போறது. தள்ளிப்போடு! இதை விட பொருத்தமா ஒண்ணு கிடைக்காது. "தே புட் ஆஃப் த வெட்டிங்", கல்யாணத்தை தள்ளிப்போட்டாங்க. பின்னாடி ஒரு வேலையை சொல்லணும்னா அந்த வினை 'இங்'ல முடியணும், "ஐ கீப் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்", பல் டாக்டர் கிட்ட போறதை தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கேன். 'டு கோ' வராது. இதே புட் ஆஃப் நடுவுல ஒரு ஆளை வெச்சா வேற அர்த்தம் தரும், "த ஸ்மெல் புட் மீ ஆஃப்", அந்த வாடையில எனக்கு ஆசையே விட்டுப் போச்சு. இங்கயும் தள்ளுறது தான் நடக்குது, ஆனா தேதியை தள்ளல, மனசை தள்ளி விடுது. அடிப்படை குணம் ஒண்ணு தான்னு தெரிஞ்சா ரெண்டு அர்த்தத்தையும் தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

புட் அப். மேல தூக்கி நிறுத்துறது, எல்லாருக்கும் தெரியுற மாதிரி வைக்கிறது. பந்தல் போடு, டென்ட் போடு, போஸ்டர் ஒட்டு, கிளாஸ்ல கையை தூக்கு, விலையை ஏத்து, எல்லாத்துக்கும் புட் அப். "தே ஹேவ் புட் அப் த ரென்ட்", வாடகையை ஏத்திட்டாங்க. நடுவுல ஆள் வந்தா ராத்திரி தங்க இடம் கொடுக்கிறது, "கேன் யூ புட் மீ அப் ஃபார் டூ நைட்ஸ்?" வேலை தேடி புது ஊருக்கு போறவங்களுக்கு இந்த வாக்கியம் கண்டிப்பா உதவும்.

புட் அப் வித். 'வித்' சேர்ந்த உடனே பழசை மறந்துடுங்க, இது தனி சொல், பொறுத்துக்கிறது, சகிச்சுக்கிறது. "ஐ காண்ட் புட் அப் வித் திஸ் ஹீட்". டாலரேட்டுன்னு நாம படிச்சது இது தான், ஆனா வீட்டுல, ஃபிரெண்ட்ஸ் கிட்ட பேசும்போது பெரும்பாலும் புட் அப் வித் தான் காதுல விழும்.

புட் அவுட். வெளிய வைக்கிறதும் இது தான், தீயை அணைக்கிறதும் இது தான். "த ஃபயர்மென் புட் அவுட் த ஃபயர்". தீ வெளிய போயிடுச்சுன்னா இல்லாம போயிடுச்சுன்னு அர்த்தம், அப்படி ஞாபகம் வெச்சுக்கோங்க. அறிக்கை விடுறதுக்கும் வரும், "த காலேஜ் புட் அவுட் எ ஸ்டேட்மென்ட்".

புட் டவுன்ல கொஞ்சம் நிதானமா இருங்க. பையை கீழ வை, "புட் யுவர் பேக் டவுன்". ஃபோனை வை, "புட் த ஃபோன் டவுன்". பேர் எழுதிக்கோ, "புட் டவுன் யுவர் நேம்", பேப்பர் மேல இறக்கி வைக்கிறோம்ல. அட்வான்ஸ் கட்டுறது, "புட் டவுன் எ டெபாசிட்". நாலு பேர் முன்னாடி ஒருத்தரை மட்டம் தட்டுறது, "ஹீ ஆல்வேஸ் புட்ஸ் ஹிஸ் வைஃப் டவுன்". குழந்தையை தூங்க வைக்க "புட் த பேபி டவுன்"னு சொல்வாங்க, ஆனா அதே வாக்கியத்துல நாயை வெச்சா, டாக்டர் ஊசி போட்டு வலியில்லாம சாக விடுறதுன்னு அர்த்தம். நாயை இடுப்புல இருந்து இறக்கி விடுன்னு சொல்ல நினைச்சா "லெட் த டாக் டவுன்"னு போகாதீங்க, அது ஏமாத்துறது, "புட் த டாக் ஆன் த ஃப்ளோர்"னு இடத்தை சேர்த்து சொல்லிடுங்க. புட் டவுன் டு-ன்னு 'டு' ஒட்டினா ஒரு காரணத்து மேல போடுறது, "ஐ புட் இட் டவுன் டு லாக் ஆஃப் ஸ்லீப்", தூக்கம் இல்லாததால தான் இப்படின்னு நினைக்கிறேன்.

புட் அவே, எடுத்த பொருளை அதோட இடத்துல எடுத்து வைக்கிறது, "புட் யுவர் டாய்ஸ் அவே". புட் அசைட், பணத்தை ஒதுக்கி வைக்கிறது. புட் டுகெதர், பாகங்களை சேர்த்து மாட்டுறது. இது மூணும் கேட்ட உடனே புரியும், ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

புட் பேக் அப்படி இல்ல. எடுத்த இடத்துல திருப்பி வைக்கிறது தான் முதல் அர்த்தம், "புட் இட் பேக்". ஆனா பிரிட்டன்ல மீட்டிங்கை "புட் பேக்" பண்ணிட்டாங்கன்னு மெயில் வந்தா மீட்டிங் இன்னும் லேட்டாகுதுன்னு அர்த்தம். அதே பிரிட்டன்ல அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் "புட் பேக்" பண்ணுவாங்க, அப்ப முள்ளு பின்னால, முந்தின நேரத்துக்கு போகுது. மார்ச் கடைசி ஞாயிறு "புட் ஃபார்வர்ட்", முள்ளு ஒரு மணி நேரம் தாண்டி போகும். கடிகாரம்னா ஒரு திசை, மீட்டிங்னா எதிர் திசை! அதனால லண்டன் டீம் கூட வேலை பாக்குறவங்க இந்த வார்த்தை வந்த உடனே "சோ வாட் டைம் இஸ் த மீட்டிங் நவ்?"னு மணியை கேட்டு வாங்கிடுங்க. நம்ம ஊர் 'ப்ரீபோன்' அங்க நிறைய பேருக்கு பழக்கமில்ல, முன்கூட்டி வைக்கிறதுக்கு "பிரிங் ஃபார்வர்ட்" தான் பாதுகாப்பு. புட் ஃபார்வர்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, யோசனையை முன்வைக்கிறது, "ஷீ புட் ஃபார்வர்ட் எ குட் ஐடியா".

ஆபீஸ்ல கண்டிப்பா தேவைப்படுறது புட் த்ரூ. ஃபோன்ல லைனை இன்னொருத்தருக்கு மாத்தி கொடுக்கிறது. "குட் யூ புட் மீ த்ரூ டு த மேனேஜர்?" "ஐ வில் புட் யூ த்ரூ". கால் சென்டர் இன்டர்வியூ போறவங்க இந்த ரெண்டையும் தூக்கத்துல கேட்டாலும் சொல்ற அளவுக்கு வெச்சுக்கோங்க. கூடவே புட் அக்ராஸ், மனசுல இருக்கிறதை எதிராளிக்கு புரியுற மாதிரி கொண்டு சேர்க்கிறது. த்ரூ, அக்ராஸ் ரெண்டும் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் சேர்றது தான். புட் இன், நேரமோ உழைப்போ போடுறது, "ஷீ புட் இன் எ லாட் ஆஃப் வொர்க்". 'ஃபார்' சேர்த்தா முறைப்படி கேட்டு எழுதிக் கொடுக்கிறது, "ஐ ஹேவ் புட் இன் ஃபார் எ டிரான்ஸ்ஃபர்".

மூணாவது படி: பொருளை எங்க வைக்கிறது

கிராமர்ல இது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். புட் ஆஃபை எடுத்துக்கோங்க. "புட் ஆஃப் த மீட்டிங்", சரி. "புட் த மீட்டிங் ஆஃப்", இதுவும் சரி. மீட்டிங்குக்கு பதிலா 'இட்' வந்துட்டா நடுவுல மட்டும் தான், "புட் இட் ஆஃப்". "புட் ஆஃப் இட்"னு சொல்லவே கூடாது. மீ, யூ, ஹிம், ஹெர், தெம் எல்லாத்துக்கும் இதே கதி. பொருள் ரொம்ப நீளமா இருந்தா கடைசியில வைங்க, "புட் த மீட்டிங் வித் த நியூ கிளையன்ட் ஃப்ரம் கோயம்புத்தூர் ஆஃப்"னு இழுத்தா 'ஆஃப்' வர்றதுக்குள்ள கேக்கிறவர் வேற எதையோ நினைச்சுடுவார்.

புட் அப் வித், புட் இன் ஃபார் மாதிரி மூணு சொல் சேர்ந்தது ரெண்டும் பிரியவே பிரியாது, ஆள் பொருள் எதுவா இருந்தாலும் கடைசியில தான், "ஐ புட் அப் வித் ஹிம்". புட் த்ரூவுல ஃபோன் பேசுற ஆள் 'யூ'வோ 'மீ'யோ தானே பெரும்பாலும், அதனால நடுவுல வந்தே பழகிடும்.

நாலாவது படி: 'போடு'வை 'புட்'டா மாத்தக்கூடாத இடங்கள்

தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசுறது ஒண்ணும் குத்தம் இல்ல, ஆரம்பத்துல எல்லாரும் அப்படித் தான். ஆனா 'போடு' வர்ற எல்லா இடத்துலயும் 'புட்' போட்டா வாக்கியம் கவிழ்ந்துடும். நேத்து லீவ் போட்டேன்ங்கிறது "ஐ புட் லீவ்" இல்ல, "ஐ டுக் லீவ்", இல்லன்னா "ஐ டுக் எ டே ஆஃப்"னு சொல்லணும். டீ போடுறதுக்கு மேக். கால் போடுறதுக்கும் மேக், இல்லன்னா வெறுமனே கால். ஊசி போடுறதுக்கு கிவ், ஓட்டு போடுறதுக்கு வோட், கோலம் போடுறதுக்கு டிரா, மார்க் போடுறதுக்கு கிவ், கணக்கு போடுறதுக்கு டூ, பந்து போடுறதுக்கு போல், தாழ்ப்பாள் போடுறதுக்கு போல்ட். கையெழுத்து போடுங்கன்னா "சைன் ஹியர்", "புட் சைன்" வேண்டாம்.

சண்டை போட்டோம்ங்கிறது "வீ ஹேட் எ ஃபைட்". "புட் அப் எ ஃபைட்"னு ஒண்ணு இருக்கு, அது வேற, தோத்தாலும் ஜெயிச்சாலும் விட்டுக்கொடுக்காம எதிர்த்து நின்னாங்கன்னு அர்த்தம், பாராட்டா சொல்றது.

அஞ்சாவது படி: எங்க பேசலாம், எங்க எழுதலாம்

ஃப்ரேசல் வெர்ப்னாலே கொச்சைன்னு சில பேர் நினைக்கிறாங்க, அது சரியில்ல. மெயில்ல "வீ ஹேவ் டு புட் ஆஃப் த டெமோ"ன்னு எழுதினா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. கோர்ட்டு, அரசாங்க கடிதம், ஆராய்ச்சி கட்டுரை மாதிரி இடத்துல போஸ்ட்போன், டாலரேட், எக்ஸ்டிங்குவிஷ் எழுதுங்க, அங்க அது தான் அழகு. வீட்டுல அடுப்பை எக்ஸ்டிங்குவிஷ் பண்ணுன்னு சொன்னா மட்டும் ரொம்ப விறைப்பா இருக்கும்.

பழகுற முறை இது தான். ஒரு நோட்டு எடுங்க, ஒரு பக்கத்துக்கு ஒரு குட்டிச் சொல். தமிழ் அர்த்தத்தை எழுதாதீங்க, உங்க வீட்டுல, வேலையில நிஜமா நடந்த ஒரு விஷயத்தை வெச்சு வாக்கியமா இங்கிலீஷ்ல எழுதுங்க, "மை லேண்ட்லார்ட் புட் அப் த ரென்ட்"னு எழுதினா கோவத்தோட சேர்ந்து அது மறக்கவே மறக்காது. எழுதினதை சத்தமா சொல்லுங்க. அடுத்த நாள் அதே வாக்கியத்துல பொருளை எடுத்துட்டு இட், ஹிம், தெம் போட்டு நடுவுல வெச்சு சொல்லுங்க. யாராவது பேசும்போதோ படம் பாக்கும்போதோ ஒரு 'புட்' காதுல விழுந்தா அந்த பக்கத்துல சேர்த்துடுங்க. புட் கை வந்த பிறகு டேக், அதுக்கப்புறம் டர்ன், ஏற்கனவே ஆஃப், ஆன், அப் குணம் தெரிஞ்சிருக்கிறதால ரெண்டாவது வினை இவ்ளோ நேரம் எடுக்காது. கெட்டை கடைசியா வெச்சுக்கோங்க, அது ரொம்ப பரந்து கிடக்கு.

கீழ இருக்கிற அஞ்சை பதில் பாக்காம இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க, ரெண்டு இடத்துல புட் பொருந்துதான்னு நல்லா யோசிச்சு சொல்லணும்.

பக்கத்து வீட்டு சத்தத்தை எவ்ளோ நாள் பொறுத்துக்கிறது? புக்கை எடுத்த இடத்துலயே வை. அவர் கண்ணாடி போட்டிருக்கார். அதை நாளைக்கு தள்ளிப்போடாதே. டீ போடட்டுமா?

பதில் வரிசையா. "ஹவ் லாங் கேன் ஐ புட் அப் வித் த நாய்ஸ் நெக்ஸ்ட் டோர்?" "புட் த புக் பேக் வேர் யூ ஃபவுண்ட் இட்." "ஹீ இஸ் வேரிங் கிளாசஸ்", ஏற்கனவே போட்டிருக்கார், அதனால புட் ஆன் இல்ல. "டோன்ட் புட் இட் ஆஃப் டில் டுமாரோ", 'இட்' நடுவுல. "ஷல் ஐ மேக் சம் டீ?", இங்க புட் வராது, ஆனா "ஷல் ஐ புட் த கெட்டில் ஆன்?"னு சொல்லியிருந்தா அதுவும் சரி, இங்கிலாந்துல டீ வேணுமான்னு கேக்கிறதே பல வீட்டுல அப்படித் தான்.